நடுமுதுகில் டிஸ்க் பிதுங்கினால்: தஞ்சைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா பாபநாசம் பக்கத்தில் நடவுக்குப் போகிறவர். ஒரு தாளடி நடவு சமயத்தில் விலாவைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் வலி வந்தது. வாயு என்றார்கள், பூண்டும் பெருங்காயமும் கொடுத்தார்கள். எரிச்சலும் சேர்ந்துகொண்டதும் அக்கி என்று முடிவுகட்டி, வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை. ஈசிஜி எடுத்தோம், வயிற்று ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கால் கனக்கத் தொடங்கியது. ஒரு மருத்துவமனையில் இடுப்புக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, வயசுக்கேற்ற தேய்மானம் என்று மாத்திரை எழுதினார்கள். குறுவைக்கு மேட்டூர் திறந்தபோது அக்கா வரப்பில் நடக்க ஆள் துணை தேடினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு டாக்டர் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்த்தார். கட்டைவிரல் மேலே எழும்பியது. "இது இடுப்புல இல்லம்மா, அதுக்கு மேல" என்று சொல்லி, முதுகெலும்பு முழுவதற்கும் எம்ஆர்ஐ எழுதினார். 9-ஆவது, 10-ஆவது மார்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி, மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

அந்த எட்டு மாதம் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அக்காவுக்கு அட்டெண்டராக ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், இடம் எது என்று புரிந்துகொள்ளுங்கள்

முதுகெலும்பில் கழுத்துக்கு 7, மார்புக்கு 12, இடுப்புக்கு 5 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே இருக்கும் மெத்தைதான் டிஸ்க். ஊரில் ஜவ்வு என்கிறோம். மார்புப் பகுதி விலா எலும்புகளோடு பிணைந்திருப்பதால் அதிகம் வளையாது, அதனால் அங்கே ஜவ்வு விலகுவதும் அபூர்வம். தொந்தரவு கொடுக்கும் டிஸ்க் பிதுங்கல்களில் மார்புப் பகுதிக்கு உரியவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாரும் இடுப்பையே பார்ப்பதற்கு இதுதான் காரணம். மார்புப் பகுதியில் வருபவற்றில் பெரும்பங்கு 8-ஆவது எலும்புக்குக் கீழேதான் வருகிறது.

அபூர்வமாக இருந்தாலும் இது ஏன் பெரிய விஷயம்? தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தனித்தனி நரம்புகள், பிரித்தெடுத்த வாழை நார் மாதிரி. கொஞ்சம் ஒதுக்கினால் ஒதுங்கும். மார்புப் பகுதியில் இருப்பதோ தண்டுவடமேதான். அதைச் சுற்றி இடமும் குறைவு, அதற்கு வரும் ரத்த ஓட்டமும் குறைவு. அதை ஒதுக்க முடியாது. இந்த ஒரு விஷயம் புரிந்தால், டாக்டர்கள் பின்னால் சொல்லும் எல்லாமே புரியும்.

ரிப்போர்ட்டில் சிலர் 'தொராசிக்' என்று எழுதுவார்கள், சிலர் 'டார்சல்' என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே இடம்தான், குழம்ப வேண்டாம்.

வலி வேறு, நடை வேறு

வலி முதுகிலிருந்து புறப்பட்டு விலா வழியாக முன்பக்கம் வரை பட்டையாக ஓடும். மார்புக்காம்பு மட்டத்தில் வந்தால் 4-ஆவது நரம்பு, தொப்புள் மட்டத்தில் வந்தால் 10-ஆவது நரம்பு என்று ஏறக்குறைய கணக்குச் சொல்லலாம். இதே மாதிரி வலி மாரடைப்பிலும் வரும், பித்தப்பைக் கல்லிலும் சிறுநீரகக் கல்லிலும் வரும். ஆகவே மார்பு வலி வந்தால் முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். டிஸ்க்காக இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம்.

வலி மட்டும் இருந்தால் நிதானமாகப் போகலாம். நடையில் மாற்றம் வந்தால் நாள் கடத்தக் கூடாது. எங்களுக்கு யாரும் சொல்லாமல் போன அடையாளங்கள் இவை: செருப்பு காலைவிட்டுக் கழன்றுபோனது தெரியாமலே நடப்பது. கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுவது. இருட்டில் வரப்பில் கால் நிற்காமல் போவது. கால் மரக்கட்டை மாதிரி விறைப்பது. ஒரு மட்டத்துக்குக் கீழே தண்ணீர் ஊற்றினால் சூடா குளிர்ச்சியா என்று தெரியாமல் இருப்பது. மூத்திரம் வர நேரமாவது, அல்லது அடக்க முடியாமல் போவது. கடைசியில் சொன்னது வந்துவிட்டாலோ, ஒரு கால் திடீரென்று பலமிழந்தாலோ, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஓபி சீட்டு போட்டு வியாழக்கிழமை வரை காத்திருக்கும் விஷயம் இல்லை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு ஆகியவற்றோடு நடுமுதுகு வலித்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது குறைவில்லை. அதற்கு வைத்தியமே வேறு.

நடையில் மாற்றம் தெரிந்த பிறகு சுளுக்கு வழிப்பது, முதுகில் ஏறி மிதிப்பது, நெட்டி எடுப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். வழிப்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தசைப் பிடிப்புக்கு அவர் கை உதவியிருக்கலாம். ஆனால் அழுத்தத்தில் இருக்கும் தண்டுவடத்துக்கு மேல் முரட்டுக் கை படக் கூடாது.

எந்த டாக்டர், எந்த ஸ்கேன்

பார்க்க வேண்டியவர் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர், அல்லது முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற எலும்பு மருத்துவர். டெல்டாவில் பெரும்பாலோர் முதலில் போவது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான்; 1959-இல் தொடங்கிய கல்லூரி அது. மணப்பாறை, துறையூர் வரை உள்ளவர்களுக்குத் திருச்சி பக்கம். சீர்காழி, மயிலாடுதுறை மக்களில் பலர் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறார்கள். திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முதல் பரிசோதனைக்கு அங்கே போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மேலே அனுப்புவார்கள்.

எம்ஆர்ஐ எழுதும்போது, "நடுமுதுகும் சேர்த்து எடுக்கணுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் முதுகெலும்பு முழுவதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கைக்கு அது தேவைப்படும் (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்துவிட்டால் சிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். ஒரே வியாதிக்கு எதற்கு இரண்டு ஸ்கேன் என்று நான் சண்டைக்கே போனேன், அது என் தவறு. மார்புப் பகுதி டிஸ்க்கில் சுண்ணாம்பு படிந்து கல்லாகிப்போவது சாதாரணம். எம்ஆர்ஐ தண்டுவடத்தை நன்றாகக் காட்டும். டிஸ்க் மிருதுவா கல்லா என்பதைச் சிடிதான் தெளிவாகக் காட்டும். எந்த வழியாக உள்ளே போவது என்பதே அதை வைத்துத்தான்.

ஸ்கேனில் இருந்தாலே அறுத்தாக வேண்டுமா

வேண்டியதில்லை. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் முதுகுவலியே இல்லாத 90 பேருக்கு மார்புப் பகுதியில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலியே தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கும் வரியைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். ஸ்கேனில் தெரியும் இடமும் உங்கள் தொந்தரவும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

வலி மட்டும் என்றால் மாத்திரை, பிசியோதெரபி, சில வாரம் பாரம் தூக்காமல் இருப்பது, தேவைப்பட்டால் நரம்பு ஊசி என்று போவார்கள். பலருக்கு அதிலேயே அடங்கிவிடும். தண்டுவடம் அழுந்தி, நடை கெட்டு, அது கூடிக்கொண்டே போகிறது என்றால் அறுவை சிகிச்சைதான். எதற்கும் அடங்காத பட்டை வலிக்கும் சிலருக்குச் செய்கிறார்கள். அங்கே அவசரம் இல்லை. இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது, கேட்டுவிடுங்கள்.

எந்த வழியாக உள்ளே போவார்கள்

இதை நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் குடும்பங்கள் பயப்படுவது இங்கேதான். "முதுகு வியாதிக்கு எதுக்கு நெஞ்சைத் திறக்கணும்?" என்று என் அம்மா கேட்டார்.

டிஸ்க் இருப்பது தண்டுவடத்துக்கு முன்னால். நேர் பின்பக்கமாக எலும்பு ஓட்டைத் திறந்தால் முதலில் எதிரே வருவது தண்டுவடம். அதை ஒதுக்கினால்தான் டிஸ்க் கைக்கு எட்டும், ஒதுக்கவோ முடியாது. முற்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள், பலருக்குக் கால் விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் பக்கவாட்டில் விலா எலும்பின் ஒரு துண்டை எடுத்துவிட்டுப் போகும் வழி 1960-இலும், மார்பின் வழியாகப் போகும் முறை 1969-இலும் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. இன்றைக்குச் செய்யும் முறைகளெல்லாம் அந்த யோசனையிலிருந்து வளர்ந்தவைதான்: தண்டுவடத்தைத் தொடாமல் அதன் பக்கவாட்டிலிருந்தோ முன்னாலிருந்தோ டிஸ்க்கை அடைவது.

பிதுங்கல் ஓரமாக, மிருதுவாக இருந்தால் முதுகு வழியாகவே, ஆனால் சாய்வாகப் போகிறார்கள். முள்ளெலும்பின் ஒரு பக்க மூட்டையோ தூணையோ கொஞ்சம் குடைந்து, மைக்ராஸ்கோப் வைத்து, டிஸ்க்கைத் தண்டுவடத்திலிருந்து விலக்கிக் கீழே இழுத்து எடுப்பார்கள். வெட்டு சிறியது, நுரையீரலைத் தொட வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த சிலருக்கு எண்டோஸ்கோப் மூலமாகவும் செய்கிறார்கள். கொஞ்சம் நடுவே தள்ளியிருந்தால் விலாவின் முதுகுப் பக்கத்து நுனியை எடுத்துவிட்டு, இன்னும் பக்கவாட்டிலிருந்து போவார்கள். நட்டநடுவில், பெரிதாக, கல்லாக உட்கார்ந்திருந்தால் மார்பு வழி. விலாக்களுக்கு நடுவே திறந்தோ, கேமரா விட்டோ போவார்கள். ஒரு பக்க நுரையீரலைச் சற்று நேரம் சுருங்க வைத்திருப்பார்கள். நடு மார்பில் என்றால் பெரும்பாலும் வலதுபக்கம், இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனி இடதுபக்கம் இருப்பதால். கீழே வந்தால் பெரும்பாலும் இடதுபக்கம், வலதுபக்கம் கல்லீரல் இருப்பதால். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான ஒரு தமனி பெரும்பாலானவர்களுக்கு இடதுபக்கம் 9-க்கும் 12-க்கும் நடுவே வருகிறது. அதையும் பார்த்துத்தான் பக்கத்தை முடிவுசெய்வார்கள்.

அக்காவுக்கு நடுவில், கல்லாக இருந்தது. மார்பு வழியாகத்தான் செய்தார்கள். அம்மாவுக்கு டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டியதும் அவரே கையெழுத்துப் போட்டார்.

எலும்பை அதிகம் எடுக்க நேர்ந்தாலோ, மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில் என்றாலோ, திருகாணியும் கம்பியும் வைத்து நிலைப்படுத்துவார்கள். எல்லாருக்கும் தேவைப்படாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணிக்கை. மார்புப் பகுதி எலும்புகள் ஒன்றுபோலவே இருக்கும். இடுப்பிலிருந்து எண்ணிக்கொண்டு மேலே வர வேண்டும், அல்லது கடைசி விலாவிலிருந்து எண்ண வேண்டும். சிலருக்கு விலா 11 சோடிதான் இருக்கும், சிலருக்கு 13 இருக்கும். இடுப்பெலும்பு 4 அல்லது 6 இருப்பவர்களும் உண்டு. உடம்பு கனமாக இருந்தால் எக்ஸ்ரேயிலும் தெளிவாகத் தெரியாது. ஒரு மட்டம் தவறிப்போகும் ஆபத்து இந்த அறுவை சிகிச்சையில் நிஜமாகவே உண்டு, டாக்டர்களும் அதைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறார்கள். "இடத்தை எப்படி உறுதி பண்ணுவீங்க டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முழு முதுகெலும்பு எம்ஆர்ஐயை வைத்து எண்ணுவோம், தியேட்டரில் எக்ஸ்ரே போட்டுத் திரும்ப எண்ணுவோம், முந்தின நாளே எலும்பில் அடையாளம் வைப்போம் என்று ஏதாவது ஒரு முறை சொல்வார்கள். எங்கள் டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார்.

அடுத்து, மார்புப் பகுதி டிஸ்க்கை அவர் இதற்கு முன் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இடுப்பு டிஸ்க் ஆயிரம் செய்தவராக இருந்தாலும் இது வேறு வேலை. அறுவை நடக்கும்போது தண்டுவடத்தின் ஓட்டத்தை மின் அலையால் கண்காணிக்கும் கருவி உண்டா, மார்பு வழி என்றால் நெஞ்சக அறுவை நிபுணர் கூட இருப்பாரா, ஐசியூ உண்டா என்றும் கேளுங்கள். இவை உங்கள் ஊருக்கு அருகில் இல்லை என்றால் சென்னைக்கோ வேலூருக்கோ ஜிப்மருக்கோ போவதில் தப்பில்லை.

ஆபத்துகளை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கால் இன்னும் பலவீனமாகலாம். தண்டுவட உறை கிழிந்து நீர் கசியலாம். கல்லான டிஸ்க் உறையோடு ஒட்டியிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். நிமோனியா, சீழ், ரத்தக்கட்டு வரலாம். விலா நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கலாம். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் அதே மூச்சில் கேளுங்கள். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

பணம், காகிதம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்தில் எல்லார் பெயரும் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கல்யாணமாகி வந்தவர் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருந்தால் அங்கே தடங்கல் வரும். தனியார் மருத்துவமனை என்றால் அது திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, இந்த அறுவைக்கு அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டு அட்மிட் ஆகுங்கள். தகவலுக்கு 104-ஐக் கூப்பிடலாம்.

ஸ்கேன் படங்களையும் அவை பதிந்த சிடி தட்டையும் (CD) நீங்களே கையில் வைத்திருங்கள். எங்களிடம் முதல் எம்ஆர்ஐயின் படம் இல்லாமல் போய், திரும்ப எடுக்க அலைந்தோம்.

முந்தின வாரம்

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். பீடி, சிகரெட்டை அன்றைக்கே விட்டால்தான் நுரையீரல் தாங்கும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்னாலேயே வாங்கிப் பழகுங்கள். வார்டில் பாதிப்பேர் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்.

தியேட்டருக்குப் பிறகு

பல மணி நேரம் ஆகும். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். முதல் இரவு பெரும்பாலும் ஐசியூவில். நர்ஸ் மணிக்கு ஒருமுறை எழுப்பிக் காலை அசைக்கச் சொல்வார். தூங்க விடுங்கள் என்று அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அந்த அசைவைப் பார்ப்பதுதான் அன்றைய முக்கியமான வைத்தியம்.

மார்பு வழி என்றால் விலாவில் ஒரு குழாய் இருக்கும், தரையில் தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்திருக்கும். அந்தப் பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். கட்டில் மேல் தூக்கி வைக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, குழாய் மடங்கக் கூடாது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் காலால் தட்டிவிடுவார்கள், கவனம். சில நாளில் எடுத்துவிடுவார்கள். இருமும்போது ஒரு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். முதுகு வழியாகச் செய்தவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். மார்பு வழியாகச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தை ஒட்டி ஆகும். எப்படிச் செய்தாலும், எழுந்து நடக்கச் சொன்னால் நடக்க வேண்டும்.

பட்டை வலி சீக்கிரம் குறையலாம். கால் விறைப்பும் நடையும் மெதுவாகத்தான் தேறும். மாதக்கணக்காகும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அறுவைக்கு முன் எவ்வளவு கெட்டிருந்தது, எவ்வளவு நாளாகக் கெட்டிருந்தது என்பதைப் பொறுத்தது அது. அக்காவுக்கு ஒன்றரை வருஷம் ஆகிறது. இடதுகாலில் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

சென்னையிலிருந்து திரும்புவதென்றால் பஸ்ஸில் குலுங்கி வராதீர்கள். உழவன் எக்ஸ்பிரஸ் மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வருகிறது, கீழ்ப்படுக்கை போட்டுப் படுத்தபடி வரலாம்.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது கக்கூஸ். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ முடியாது. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி கடையில் கிடைக்கிறது, அது போதும். பாயிலிருந்து எழுவதும் சிரமம், கட்டில் வேண்டும். கயிறு தொய்ந்த கட்டில் வேண்டாம். எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். மலச்சிக்கல் வராமல் கீரை, பழம், தண்ணீர். குடம் தூக்குவது, குனிந்து பெருக்குவது, இடுப்பைத் திருப்பி எடுப்பது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை இல்லை. டூவீலரில் பின்னால் உட்காருவதும் அப்படியே. நம் ஊர் உள்ரோடுகள் உங்களுக்குத் தெரியும்.

மரத்த காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சுடுவது தெரியாது, கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு நடந்தால் அரிதாள் குத்தினாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலை ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

காயத்திலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாகக் கசிந்தாலோ, உட்கார்ந்தால் தலைவலி வந்து படுத்தால் குறைந்தாலோ, அது தண்டுவட நீராக இருக்கலாம். காய்ச்சல், மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, கால் திரும்பவும் பலமிழப்பது, மூத்திரம் நின்றுபோவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பையிலேயே வைத்திருங்கள். இரவு டியூட்டியில் இருப்பவருக்கு எந்த எலும்பில், எந்த வழியாகச் செய்தது என்பது அந்தத் தாளில்தான் தெரியும்.

வயல் வேலைக்கு எப்போது போகலாம் என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கம்பி வைத்தவர்களுக்கு இன்னும் தள்ளிப்போகும். அக்காவுக்கு மூன்று மாதம் கழித்து நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அடுத்த பங்குனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உளுந்து புடைத்தார். நடவுக்குக் குனிய இன்னும் அனுமதி இல்லை.